மழைக்காட்டை நான்கு தட்டுகளில் காட்டும் பெட்டி: டெல்டாப் பிள்ளைகளோடு ஏழு மாதங்கள்

சென்ற வைகாசியில், தஞ்சாவூரில் பள்ளிக்கூடச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில், மழைக்காட்டின் அடுக்குகளையும் அவற்றில் வாழும் உயிர்களையும் குழந்தைகளுக்குக் கற்றுத் தருவதற்கென்று செய்யப்பட்ட பெட்டி ஒன்றை 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். பாபநாசம் வட்டத்து ஊர் ஒன்றில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான், சனி, ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில், மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை படிக்கும் 14 பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் மலையையே பார்த்ததில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயலும் தென்னையும் மூங்கில் கொத்தும் மட்டுமே தெரியும் ஊரில் பிறந்தவர்களுக்கு, நிமிர்ந்து பார்த்தாலும் உச்சி தெரியாத மரங்கள் நெருங்கி நிற்கும் காட்டை எப்படி மனத்தில் நிறுத்துவது என்பது எனக்குப் பல ஆண்டுகளாக இருந்துவந்த கவலை. படத்தைக் காட்டினால், மேலிருந்து கீழாக உச்சி அடுக்கு, மரத்தலைகள் கூரைபோல் சேரும் விதான அடுக்கு, அதன் நிழலில் சிறுமரங்கள் நிற்கும் அடிமர அடுக்கு, தரை அடுக்கு என்று நான்கு அடுக்குகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். ஒரே காட்டுக்குள் ஏன் நான்கு விதமான வாழ்க்கை என்று கேட்டால் விழிப்பார்கள். அந்தக் கேள்விக்கு இந்தப் பெட்டி விடை தருகிறதா என்பதை வைத்தே இதை எடைபோடுகிறேன்.

பெட்டிக்குள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தக்கூடிய நான்கு தட்டுகள் கொண்ட அட்டைத் தாங்கி, கெட்டியான ரப்பரில் செய்த 32 விலங்குகள், எட்டு மரங்கள், ஒவ்வோர் உயிருக்கும் ஓர் அட்டை, தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட சிறு கையேடு ஆகியவை இருக்கின்றன. முழுதாக நிறுத்தினால் தாங்கி மூன்றடி உயரம் வருகிறது. ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது என்று மேலே அச்சிட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது விலங்குப் பொம்மைகள் நிறைந்த விளையாட்டுச் சாமானாகவே இருக்கிறது. 11, 12 வயதுப் பிள்ளைகளே இதிலிருந்து மிகுதியாகப் பெற்றுக்கொண்டார்கள்.

முதலில் இதன் தலைசிறந்த அம்சத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தட்டின் அடிப்பரப்பும் அட்டையால் ஆனதன்று; இலை வடிவத் துளைகள் கொண்ட பச்சை நிறக் கண்ணாடித்தாளால் ஆனது. உச்சியில் நிற்கும் மரங்களுக்கு இடையே துளைகள் அகலமாகவும், இரண்டாவது தட்டில் மிக நெருக்கமாகவும், மூன்றாவதில் நடுத்தரமாகவும் வெட்டப்பட்டிருக்கின்றன. மாலை இருட்டிய பிறகு திண்ணை விளக்கை அணைத்துவிட்டு, தாங்கியின் மேலிருந்து டார்ச் விளக்கை அடித்தால், உச்சித் தட்டு பளிச்சென்று இருக்கிறது. இரண்டாவது தட்டில் பச்சை வெளிச்சம் பரவுகிறது. மூன்றாவதில் திட்டுத்திட்டாகச் சில கீற்றுகள் விழுகின்றன. அடித்தட்டில் நிற்கும் விலங்கு எதுவென்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. மழைக்காட்டின் மேல் விழும் ஒளியில் நூற்றில் இரண்டு பங்கு அளவே தரையை எட்டுகிறது என்று நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்று அதைச் சொல்ல வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அடித்தட்டில் கையை நீட்டிய மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “டீச்சர், இங்கே எப்போதும் சாயங்காலமா?” என்று கேட்டாள். அடுக்கு என்பது உயரத்தின் பெயரன்று, வெளிச்சத்தின் பெயர் என்பதை அவள் தானாகவே கண்டுகொண்டாள்.

அதற்குப் பிறகு மற்றவற்றைச் சொல்வது எளிதாகிவிட்டது. உச்சி அடுக்கில் வெயிலும் காற்றும் கடுமையாக இருப்பதால் அங்கே இலைகள் சிறியனவாகவும் மெழுகு பூசியதுபோலத் தடித்தும் இருக்கின்றன. அடிமர அடுக்கில், கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடித்துக்கொள்ள இலைகள் அகன்று விரிகின்றன. விதான அடுக்கில் பூவும் கனியும் தளிரும் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு மரத்தில் கிடைப்பதால் காட்டு உயிர்களில் பெரும்பகுதி அங்கேயே குடியிருக்கின்றன. தோட்டத்திலிருந்து ஆளுக்கோர் இலையைப் பறித்து வரச் சொல்லி, எந்த இலை எந்தத் தட்டுக்குப் பொருந்தும் என்று வாதிட விட்டேன். கறிவேப்பிலையை மேலேயும் சேம்பிலையைக் கீழேயும் வைத்தார்கள். வாழையிலையைப் பற்றிய வாதம் அடுத்த வாரம் வரை நீண்டது. நீண்ட பிறகும் முடியவில்லை.

இரண்டாவது தட்டில் ஒரு மரத்தின் இலைக்குடையைத் தனியே கழற்றும்படி அமைத்திருக்கிறார்கள். கையேட்டில் இதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை என்பது வருத்தமே. ஏனெனில் மழைக்காட்டின் உயிர்நாடியான ஒரு நிகழ்வை இதைக்கொண்டு காட்டலாம். பெருமரம் ஒன்று சாயும்போது விதானத்தில் ஓட்டை விழுகிறது. பல ஆண்டுகளாக நிழலில் முழங்கால் உயரமே வளர்ந்து காத்திருந்த கன்றுகள், அந்த வெளிச்சத்தை நோக்கி ஒன்றையொன்று முந்திக்கொண்டு எழுகின்றன. இலைக்குடையைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தபோது அடித்தட்டில் வட்டமாக ஒரு வெளிச்சம் விழுந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு மன்னார்குடிப் பக்கத்திலும் பட்டுக்கோட்டைப் பக்கத்திலும் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததையும், அதுவரை நிழலால் வெறுந்தரையாக இருந்த தோப்புகளில் சில மாதங்களுக்குள் ஆள் உயரத்துக்குப் புதர் மண்டியதையும் அவர்களுடைய வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அன்று மாலை ஒரு பையனை அழைத்துப்போக வந்திருந்த தாத்தா, வாசற்படியில் நின்றபடியே அதை விவரித்தார். பெட்டிக்குள் இருந்த அட்டைக் காடு அந்தக் கணத்தில் எங்கள் ஊர்ச் செய்தியாக மாறியது.

மரங்களில் ஒன்றைப் பற்றியும் தனியே சொல்ல வேண்டும். உச்சித் தட்டில் நிற்கும் அமேசான் பெருமரத்துக்குக் கையேடு ‘கபோக்’ என்று மட்டும் பெயர் தந்திருக்கிறது. அது வேறொன்றுமில்லை, நம் தலையணையில் இருக்கும் இலவம் பஞ்சைத் தரும் அதே மரந்தான். போடிநாயக்கனூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்க்கப்படும் அந்த இனம், அமேசான் காட்டில் 200 அடியைத் தொட்டு, விதானத்துக்கு மேலே தலை நீட்டி நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி என்பதைப் பிள்ளைகள் சுற்றுலாவில் கேட்டிருக்கிறார்கள். அந்த விமானத்தின் கலசத்துக்குச் சற்றுக் கீழே வரை வளரும் மரம் என்று சொன்னவுடன் அவர்களுடைய கழுத்துகள் தாமாகவே பின்னால் சாய்ந்தன. இலவு காத்த கிளியின் கதையும் அங்கே கைகொடுத்தது. கனியும் என்று கிளி காத்திருந்த காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்தது ஏன்? அந்த மரம் தன் விதையைக் கிளியிடம் ஒப்படைக்காமல் காற்றிடம் ஒப்படைத்தது. காற்று வீசும் உயரத்தில் நிற்பதால் அதற்கு அது இயலும். காற்றே நுழையாத கீழ் அடுக்குகளில் வாழும் செடிகளும் மரங்களும் விதையைப் பரப்பப் பெரும்பாலும் விலங்குகளையே நம்பியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பிறப்பிடமாகக் கொண்ட பலா, கனமான பழத்தை நுனிக்கிளையில் தொங்கவிடாமல் அடிமரத்திலேயே காய்ப்பதைப் பார்த்திருக்கும் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கியது.

தரை அடுக்கைப் பற்றிக் கையேடு ஒரு பக்கம் எழுதியிருக்கிறது; அந்தப் பக்கம் நன்றாகவே இருக்கிறது. விழுந்த இலையைக் கறையானும் பூஞ்சையும் மிக விரைவில் மக்கச் செய்வதும், மக்கிய சத்தை மரங்களின் வேர்கள் உடனே உறிஞ்சிக்கொள்வதும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. உழவர் வீட்டுப் பிள்ளைகள் இந்த இடத்தில் ஒரு தவறான முடிவுக்கு வருவது இயல்பு. இவ்வளவு பெரிய மரங்கள் வளர்கின்றன என்றால் அந்த மண் நம் வண்டல் மண்ணைவிட வளமானதாக இருக்க வேண்டும் என்று ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் உறுதியாகச் சொன்னான். உண்மை நேர்மாறானது. அமேசானின் பெரும்பகுதியில் மேல்மண் சத்துக் குறைந்தது. காட்டின் செல்வம் மண்ணில் இல்லை, உயிரோடு நிற்கும் மரங்களிலேயே இருக்கிறது. அதனால்தான் காட்டை அழித்துப் பயிரிட்டால் சில ஆண்டுகளிலேயே விளைச்சல் விழுந்துவிடுகிறது. அதனால்தான் பெருமரங்கள் ஆழமாக வேர்விடாமல், அடிமரத்தைச் சுற்றிச் சுவர்போல எழும் பலகை வேர்களை ஊன்றி நிற்கின்றன. பெட்டியிலுள்ள மர உருவங்களில் அந்தப் பலகை வேர்களைத் துல்லியமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

இனிக் குறைகள். முதற்குறை, விலங்குகளின் தேர்வு. 32 உருவங்களில் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் இருக்கின்றன. ஒட்டகச்சிவிங்கி ஆப்பிரிக்கப் புல்வெளிக்கு உரியது. சிங்கம் அந்தப் புல்வெளிகளிலும் நம் நாட்டில் கிர் பகுதியின் வறண்ட காட்டிலும் வாழ்வது. இவற்றை மழைக்காட்டின் தரையில் நிறுத்துவது, கண்ணைக் கவரும் என்பதற்காகப் பிழையைக் கற்பிப்பதாகும். எஞ்சியவற்றிலும் போர்னியோ, சுமத்ராத் தீவுகளின் ஒராங்குட்டானும், நடு ஆப்பிரிக்காவின் கொரில்லாவும், தென்னமெரிக்காவின் ஜாகுவாரும் எந்தக் குறிப்பும் இல்லாமல் ஒரே காட்டுக்குள் விடப்பட்டிருக்கின்றன. ஒராங்குட்டானை ஜாகுவார் துரத்துவதாகக் கதை சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் திருத்த எனக்கு ஒரு முழு வகுப்பு பிடித்தது. பிறகு ஒவ்வோர் உருவத்தின் காலிலும் கண்டத்துக்கு ஒரு நிறமாக நூல் கட்டிவிட்டேன். அமேசானுக்குச் சிவப்பு, ஆப்பிரிக்காவுக்கு மஞ்சள், ஆசியாவுக்கு நீலம். வாங்குபவர்கள் முதல் நாளிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது. அளவிலும் ஒழுங்கில்லை: கட்டைவிரல் நகத்தின் அளவே இருக்கக்கூடிய நச்சுத் தவளை, ஜாகுவாரின் தலை அளவுக்குச் செய்யப்பட்டிருக்கிறது.

இரண்டாவது குறை, தமிழ். கையேட்டின் தமிழ்ப் பகுதியை யாரும் படித்துப் பார்க்காமல் அச்சிட்டிருக்கிறார்கள் என்றே நம்ப வேண்டியிருக்கிறது. உச்சி அடுக்கைக் குறிக்கும் ‘எமர்ஜென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை ‘எமர்ஜென்சி’ என்று எடுத்துக்கொண்டார்கள் போலும்; அது ‘அவசர அடுக்கு’ என்று அச்சாகியிருக்கிறது. அந்த அடுக்கில் என்ன ஆபத்து நேர்ந்தது என்று பிள்ளைகள் கேட்டபோது, கையேட்டின் மீது அவர்களுக்கு இருந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதா, உண்மையைச் சொல்வதா என்று ஒரு கணம் தயங்கி, பிழை என்றே சொன்னேன். நான் உச்சி அடுக்கு, விதான அடுக்கு, அடிமர அடுக்கு, தரை அடுக்கு என்ற பெயர்களைத் தாளில் எழுதித் தட்டுகளில் ஒட்டியிருக்கிறேன்.

இதைவிடப் பெரிய பிழை ஸ்லாத் என்னும் விலங்கின் அட்டையில் இருக்கிறது. அதற்குத் ‘தேவாங்கு’ என்று பெயர் போட்டிருக்கிறார்கள். இந்தக் குழப்பம் இந்தப் பெட்டியோடு நிற்பதன்று. பல இடங்களில் பார்க்கிறேன். ஸ்லாத், நடு அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் மட்டும் வாழும் விலங்கு. எறும்புத்தின்னிக்கும் அர்மடில்லோவுக்கும் உறவு. விதானத்தில் தலைகீழாகத் தொங்கி இலை தின்று, வாரத்துக்கு ஒருமுறை அளவில் மலம் கழிப்பதற்காகத் தரைக்கு இறங்குவது. அதன் மயிரில் பாசி வளர்வதால் பச்சை நிறம் ஏறி, இரை தேடும் ஹார்ப்பி கழுகின் கண்ணிலிருந்து ஓரளவு மறைந்துகொள்வது. தேவாங்கோ குரங்கினத்துக்கு நெருங்கிய உறவான, பெரிய கண்களையுடைய, இரவில் பூச்சி பிடித்துத் தின்னும் நம் நாட்டு விலங்கு. அதற்கென்றே 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியின் 11,806 ஹெக்டேர் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. நம் காவிரி ஓடும் கரூர் மாவட்டத்தில் உயிரோடு இருக்கும் ஒரு விலங்கின் பெயரைப் பிடுங்கி, நம் பிள்ளைகள் ஒருபோதும் பார்க்க வாய்ப்பில்லாத இன்னொரு விலங்குக்குச் சூட்டுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. பெயரை இழந்த விலங்கு பிள்ளைகளின் மனத்தில் இல்லாமலே போய்விடும்.

மூன்றாவது குறை அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தட்டில் ஒரு குழி வெட்டி, அதில் மட்டுமே அது நிற்கும்படி செய்திருக்கிறார்கள். இதனால் ஒவ்வோர் உயிரும் தன் மாடியை விட்டு நகராமல் வாழ்கிறது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு ஏற்படுகிறது. மேலும் கீழுமாக நடக்கும் போக்குவரத்தே காட்டை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. ஸ்லாத் இறங்குகிறது, ஜாகுவார் மரம் ஏறுகிறது, ஆற்றில் நீந்தவும் செய்கிறது. நச்சுத் தவளைகளில் சில இனங்கள், தரையில் பொரித்த தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்துகொண்டு மரத்தில் ஏறி, கிளைகளில் ஒட்டி வளரும் செடிகளின் இலைக்குழியில் தேங்கிய மழைநீரில் விடுகின்றன. இலைவெட்டி எறும்புகள் மேலேயுள்ள இலையை நறுக்கித் தரைக்குக் கீழே கொண்டுபோய், அதன்மேல் பூஞ்சையைப் பயிரிட்டு அதையே உண்கின்றன. எறும்பு விவசாயம் செய்கிறது என்று கேட்டதும் எங்கள் பிள்ளைகளின் முகங்களில் தோன்றிய மகிழ்ச்சியை விவரிக்க இயலாது. களை எடுக்குமா, உரம் வைக்குமா என்று கேள்விகள் குவிந்தன. தன் தோட்டத்தில் வேண்டாத பூஞ்சை முளைத்தால் அதைப் பிடுங்கி எறியும் என்றும், தன் கழிவையே உரமாக இடும் என்றும் சொன்னேன். குழிகளைக் காகிதக்கூழால் அடைத்துவிட்டு, தட்டுகளுக்கு இடையே சணல் கயிறுகளைத் தொங்கவிட்டோம். இப்போது விலங்குகள் கயிற்றின் வழியாக ஏறி இறங்குகின்றன. செய்தவர்களே இதை யோசித்திருக்கலாம்.

மேற்சொன்ன மூன்றையும் திருத்திக்கொள்ளலாம். பெட்டியில் இல்லாமலே போன இரண்டைப் பற்றித்தான் எனக்கு மனக்குறை. அவை நம் மழைக்காடும், மழையும்.

தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உயிர்கூட இல்லை. 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மலைத்தொடர் அது. ஆனைமலையிலும் களக்காடு முண்டந்துறையிலும், எல்லை தாண்டினால் அமைதிப் பள்ளத்தாக்கிலும், நான்கு அடுக்குகளும் உள்ள மழைக்காடு நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எனவே களிமண்ணிலும் அட்டையிலும் நாங்களே பத்து உயிர்களைச் செய்து சேர்த்தோம். விதானத்தில் சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத அது, வெடிப்பலா மரத்தின் பூவையும் விதையையும் விரும்பி உண்டு, பெரும்பாலும் தரையில் கால் வைக்காமலே வாழ்வது. வால்பாறைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே காடு துண்டுதுண்டாகிப் போனதால், அது சாலையைக் கடக்கத் தரைக்கு இறங்கி வண்டிகளில் அடிபடுவதும், அதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருப்பதும் பிள்ளைகளை மிகவும் பாதித்தன. மறுநாளே எங்கள் தாங்கியில் ஒரு நூற்பாலம் முளைத்திருந்தது. அதற்கு மேலே பெரிய இருவாச்சி. அதன் பெண் பறவை, பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, ஒரு பிளவை மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொண்டு, மூன்று மாதங்களுக்கு மேல் உள்ளேயே இருந்து அடைகாக்க, ஆண் பறவை அத்திப்பழங்களைக் கொண்டுவந்து ஊட்டுகிறது. பெருமரம் இல்லையேல் பொந்து இல்லை. பொந்து இல்லையேல் இருவாச்சி இல்லை. இருவாச்சி இல்லையேல் அந்த மரங்களின் விதையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்ல ஆளில்லை. மலை அணில், இறக்கைபோல் விரியும் விலாத்தோலால் மரத்துக்கு மரம் மிதந்து செல்லும் பறக்கும் ஓணான், தரையில் சருகோடு சருகாய் மறையும் சருகுமான், ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து மழைக்காலத் தொடக்கத்தில் இனப்பெருக்கத்துக்காக வெளிவரும் ஊதாத் தவளை ஆகியவையும் சேர்ந்தன. அந்தத் தவளை 2003இல்தான் புதிய இனமாக அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது என்று சொன்னபோது, இன்னும் பெயரிடப்படாதவை இருக்குமா என்று கேட்டார்கள். இருக்கும் என்றேன்.

அடுக்கு என்றால் என்ன என்பதை உடலால் உணர்த்த, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள வெற்றிலைக் கொடிக்காலுக்கு எல்லாரையும் அழைத்துச் சென்றேன். கொடிக்கால்காரர் வரப்பிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார். அகத்தி மேலே குடைபிடிக்க, அதன் தண்டைப் பற்றிக் கொடி ஏறியிருக்க, பாத்திகளுக்கு நடுவே நீர் நிற்க, உள்ளே நுழைந்தவுடன் வெயில் பின்வாங்கியது. கையில் கொண்டுபோயிருந்த வெப்பமானி, வெளியே இருந்ததைவிட நான்கைந்து பாகை குறைவாகக் காட்டியது. காற்று அசையவில்லை, ஈரம் தோலில் ஒட்டியது. மனிதர் கட்டிய தோட்டம் மழைக்காடாகிவிடாது என்பதைச் சொல்லியே தொடங்கினேன். ஆயினும் வெற்றிலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில் மரம் பற்றி ஏறும் மிளகுக்கு நெருங்கிய உறவு. நிழலும் ஈரமும் இல்லாவிட்டால் அதற்கு வாழ்வில்லை. மேலே நிற்பது கீழே இருப்பதற்கு வானிலையை உண்டாக்கித் தருகிறது என்பதை, 1,650 ரூபாய்ப் பெட்டியைவிட அந்த அரைமணி நேரம் நன்றாகக் கற்பித்தது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பெட்டியைப் பார்த்திராவிட்டால் பிள்ளைகள் அங்கே என்ன பார்ப்பது என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

மழையைப் பற்றி வருகிறேன். மழைக்காடு என்று பெயர் வைத்துவிட்டு, மழை எங்கே விழுகிறது, எங்கே போகிறது என்று ஒரு சொல்கூடப் பெட்டியில் இல்லை. வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சிறு குறையாக இருக்கலாம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்குமா என்று வீடே பேசிக்கொண்டிருக்கும் ஊரில் இது பெருங்குறை. நம் வாய்க்காலில் ஆடியில் வரும் புதுத்தண்ணீர், பெரும்பாலும் குடகு மலையிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழையாக விழுந்தது. காவிரி பிரம்மகிரியில் தலைக்காவிரியில் பிறக்கிறது. வயநாட்டுக் காடுகளிலிருந்து கபினி வருகிறது. நீலகிரியில் பிறந்து அமைதிப் பள்ளத்தாக்குப் பக்கம் சென்று திரும்பும் பவானியும், ஆனைமலைக்கும் பழனி மலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கிலிருந்து அமராவதியும் வந்து சேர்கின்றன. அகத்தியரின் கமண்டலத்தைக் காகம் கவிழ்த்த கதையை அறிந்த பிள்ளைகளிடம், அந்தக் கமண்டலம் ஒரு காடு என்று நான் சொன்னேன்.

அதைக் காட்ட ஒரு சோதனை செய்தோம். சாய்த்து வைத்த இரண்டு மரத்தட்டுகளில் ஒரே அளவு மண்ணை நிரப்பி, ஒன்றின் மேல் சருகையும் வைக்கோலையும் பரப்பி, இரண்டின் மேலும் பூவாளியால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினோம். வெறுமண் தட்டிலிருந்து தண்ணீர் சிவந்து, கலங்கி, உடனே கொட்டி ஓய்ந்தது. சருகுத் தட்டிலிருந்து தெளிவாக, மெல்ல, நாங்கள் ஊற்றி முடித்த பிறகும் வெகுநேரம் சொட்டிக்கொண்டிருந்தது. மலையில் மழை நின்ற பிறகும் ஆறு ஏன் ஓடுகிறது என்பதற்கு அதுவே விடை. அப்போது ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி எனக்கு மறக்காது: காடு மண்ணை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்றால் நம் வண்டல் எங்கிருந்து வந்தது? காடு மண்ணை முழுவதுமாகப் பிடித்துக்கொள்வதில்லை, மெல்ல மெல்லக் கொடுக்கிறது என்றும், ஆறு ஓடிவரும் வழியெல்லாம் கரையை அரித்துச் சேர்த்துக்கொள்கிறது என்றும், பல்லாயிரம் ஆண்டுகளாக அப்படிப் படிந்ததே நாம் நிற்கும் தரை என்றும், இப்போது அணைகளில் வண்டலின் பெரும்பகுதி தங்கிவிடுகிறது என்றும் விளக்கினேன். தாங்கியின் அடித்தட்டிலிருந்து ஒரு நீலத் துணிப் பட்டையை இழுத்து, திண்ணை முழுவதும் ஓடவிட்டு, நடுவே மேட்டூர், முக்கொம்பு, கல்லணை என்று மூன்று செங்கற்களை அவளே வைத்தாள். கடைசியில், துணி பிரிந்து பல கிளைகளாகும் இடத்தில், குடமுருட்டிக் கரையில் எங்கள் வீட்டை ஒரு தீப்பெட்டியால் குறித்தாள்.

பொருளின் தரத்தைப் பொறுத்தவரை, ரப்பர் உருவங்கள் உறுதியானவை. ஏழு மாதங்களில் ஒரு டூக்கானின் அலகு மட்டுமே ஒடிந்தது. அட்டைத் தாங்கி நம் ஊர்ப் பருவத்துக்கு ஏற்றதன்று. ஐப்பசி மழையில் அடித்தட்டு ஊறி வளைந்துவிட்டது. உள்ளூர்த் தச்சரிடம் 300 ரூபாய் கொடுத்து ஒட்டுப்பலகையில் அடித்தட்டும் நான்கு கால்களும் செய்துகொண்டேன். வாங்குபவர்கள் கார்த்திகை முடியும் வரை இதைத் தரையில் வைக்காமல் பரணில் வைப்பது நல்லது. கண்ணாடித்தாளை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, சாயம் போகிறது.

பிழைகளை வரிசையிட்டுத் தயாரித்த நிறுவனத்துக்குப் புரட்டாசியில் கடிதம் எழுதினேன். சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் பற்றிப் பதில் இல்லை. அடுக்குகளின் பெயர்களை அடுத்த அச்சில் திருத்துவதாகவும், தேவாங்கு அட்டையை மாற்றித் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். சென்ற வாரம் அஞ்சலில் புதிய அட்டை வந்தது. அதில் ‘ஸ்லாத்’ என்று சரியாக இருக்கிறது. பழைய அட்டையை நாங்கள் எறியவில்லை. அதிலிருந்த படத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, பிள்ளைகள் தேவாங்கை வரைந்து, கீழே கடவூர் என்று எழுதியிருக்கிறார்கள்.